ரெண்டு நாள் உள்ளே வைத்தால் புத்தி வந்துவிடுமா?

"ரெண்டு நாள் உள்ள வெச்சாத்தான் சார் புத்தி வரும்."

தீபாவளிக்குப் பிறகு இந்த ஒரு வரியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. லிஃப்டில் கேட்டேன். காய்கறிக் கடையில் கேட்டேன். நம் தமிழ் மக்கள் பொங்கலுக்குக் கூடிய இடத்தில், சர்க்கரைப் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டே ஒருவர் சொன்னார். இதில் கொடுமை என்னவென்றால், சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஊரில் கோவில் கொடைக்குத் தவறாமல் வரி அனுப்புகிறவர்கள். வாட்ச்மேன் பெண்ணுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர்கள். ஆனால் ஒரு பதினாலு வயசுப் பையனை அடைத்து வைத்தார்கள் என்று கேட்டதும் முகத்தில் ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பையன் யார், எந்தக் கட்டடம், எந்த ஸ்டேஷன், எந்த இல்லம் என்று எதுவும் சொல்லப் போவதில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சட்டத்தோடு சிக்கிய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் (இதையும் அப்புறம் பார்ப்போம், நம் ஆட்கள் போட்டோவே போட்டார்கள்). மும்பைப் புறநகரில் ஒரு சொசைட்டி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் ஐந்து பையன்கள் சேர்ந்து ஒரு சுத்லி பாமை (நம்மூர் அணுகுண்டு வெடிதான்) பற்றவைத்து பிளாஸ்டிக் குப்பை டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார்கள். மூடி எவ்வளவு உயரம் போகும் என்று பந்தயம். மூடி நன்றாகத்தான் போனது. இறங்கும்போது நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் பின்கண்ணாடி மேல் இறங்கியது. கண்ணாடி போச்சு. யாருக்கும் காயம் இல்லை. ஒரு பாட்டிக்குப் படபடப்பு வந்து தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

ஐந்து பேரில் நாலு பேர் ஃப்ளாட் ஓனர்களின் பிள்ளைகள். ஐந்தாவது பையன், கீழே மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு நம் சட்டைகளை இஸ்திரி போடுகிறாரே, அவருடைய மகன். விழுப்புரம் பக்கம். வந்து ஆறு வருஷம்.

நாலு பேரின் அப்பாக்களும் அன்று ராத்திரியே கமிட்டி ஆபீஸில் உட்கார்ந்து கண்ணாடிக்குக் காசைப் பிரித்துக்கொண்டார்கள். பையன்களை "ஸாரி அங்கிள்" சொல்ல வைத்தார்கள். முடிந்தது. ஐந்தாவது பையனின் அப்பா, தன் அம்மாவின் காரியத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அம்மா மட்டும் வந்து, "எங்க பங்கையும் குடுத்துடறோம்யா" என்று இரண்டாயிரம் ரூபாயை நீட்டியிருக்கிறார். "பணம் வேண்டாம், பாடம் வேண்டும்" என்று பதில். போலீஸுக்குப் போன் போனது. ஒரே ஒரு பெயர் கொடுக்கப்பட்டது.

பதினோரு நாள். ஒரு குப்பை டிரம் மூடிக்காகப் பதினோரு நாள் அந்தப் பையன் கண்காணிப்பு இல்லத்தில் இருந்தான்.

ஏன் அவ்வளவு நாள்? கடுமையான குற்றம் என்பதால் இல்லை. அம்மாவிடம் பேப்பர் இல்லை என்பதால். ஆதாரில் ஊர் முகவரி. ரேஷன் கார்டு ஊரில். தங்கியிருக்கும் அறைக்கு ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. "எங்கே தங்குகிறீர்கள், யார் பொறுப்பு" என்று மராத்தியில் கேட்டதற்கு, "ஏக் ஷர்ட், தோ பேண்ட்" அளவுக்கு மட்டும் ஹிந்தி தெரிந்த அந்த அம்மா என்ன பதில் சொல்லியிருப்பார்? எனக்கு விஷயம் தெரிந்ததே ஆறாம் நாள். தங்கமணி துணி எடுக்கப் போய், மேஜை காலியாக இருப்பதைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒரு இலவச சட்ட உதவி வக்கீலைப் பிடித்து, நானும் எதிர் ஃப்ளாட் நண்பரும் கூடப் போய் உட்கார்ந்து, ஊரிலிருந்து அப்பா வந்து சேர்ந்து, பையன் வெளியே வந்தான்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் நம்மவர்கள் "ரெண்டு நாள் உள்ள" வசனத்தைச் சொல்கிறார்கள். சரி, ஒவ்வொரு வாதமாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் 1: "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, சட்டப்படிதானே பண்ணினார்கள்?"

சட்டப்படிப் பண்ணவில்லை என்பதுதான் என் முதல் புகாரே. இளைஞர் நீதிச் சட்டம் 2015 என்று ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு 2016-இல் மாதிரி விதிகள் வந்தன. அதில் 8-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மேல், கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ தவிர, எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. ஸ்டேஷன் டைரியில் எழுதிக்கொண்டு, பையனின் குடும்பச் சூழல் பற்றி ஒரு அறிக்கை தயாரித்துக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகும் அதிகாரமும் கொடுங்குற்றத்துக்கு மட்டும்தான். மற்றபடி பிடிப்பதென்றால், அது பிள்ளையின் நன்மைக்காக இருக்க வேண்டும். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சமே 7 வருஷம் தண்டனை உள்ள குற்றம். குப்பை டிரம்மில் வெடி போட்டதற்கு எந்தப் பிரிவைத் தேடி எடுத்துப் போட்டாலும் அந்த வகையில் வராது.

ஜாமீன்? 12-ஆவது பிரிவு. பெரியவர்கள் சட்டத்தில் ஜாமீன் கிடைக்காத குற்றமாகவே இருந்தாலும், பிள்ளையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. அதுவும் ஜாமீன்தாரர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், வெளியே விட்டால் அவனுக்கே ஆபத்து, விட்டால் நீதியின் நோக்கமே கெட்டுப்போகும். அந்தக் காரணத்தையும் எழுத்தில் பதிய வேண்டும். "ஆதாரில் விழுப்புரம் முகவரி இருக்கிறது" என்பது இந்த மூன்றில் எது? நீங்களே சொல்லுங்கள்.

சட்டத்தின் 3-ஆவது பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளையை ஒரு இல்லத்தில் வைப்பது கடைசி வழி. மற்ற எல்லாவற்றையும் யோசித்த பிறகு. நம் சொசைட்டியில் அதுதான் முதல் வழியாக இருந்தது. அதுவும் ஐந்தில் ஒருவனுக்கு மட்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஜல்லியடிப்பவர்கள், மற்ற நாலு பேரை ஏன் அனுப்பவில்லை என்பதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு அப்புறம் பேசட்டும். (நாலு பேரையும் அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்து பேருக்குமே அந்தக் கமிட்டி ஆபீஸ் பஞ்சாயத்து போதும் என்கிறேன்.)

வாதம் 2: "இந்த வயசில் வெடி போடுகிறவன் நாளைக்குக் குண்டு போடுவான்."

நாளைக்கு என்ன, நிஜமாகவே குண்டு மிரட்டல் விடுத்த பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று பார்ப்போமே. 2024 ஜூனில் டெல்லியிலிருந்து டொராண்டோ போக வேண்டிய விமானத்தில் குண்டு இருப்பதாக ஒரு மெயில் வந்தது. தேடிப் பிடித்தால், மீரட்டில் 13 வயசுப் பையன். போலீஸால் தன்னைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்க அனுப்பினானாம்! அதே வருஷம் டிசம்பரில் டெல்லி ரோகிணியில் பள்ளிக்கூடத்துக்கு வந்த மிரட்டல் மெயிலை, அந்தப் பள்ளி மாணவர்களே அனுப்பியிருந்தார்கள். காரணம்? பரீட்சைக்குப் படிக்கவில்லை, தள்ளிப்போட வேண்டும். டெல்லி போலீஸ் என்ன செய்தது? கூப்பிட்டுப் பேசியது, அறிவுரை சொன்னது, பெற்றோரை எச்சரித்து அனுப்பியது.

நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ரொம்பச் சரி என்கிறேன். ஒரு விமானத்தை நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை, அதில் எத்தனை பேர் எத்தனை அவசரத்தில் போகிறார்களோ. பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணுவதும் அப்படித்தான், ஓடி வரும் தாய்மார்களுக்கு உயிரே போய்விடும். அவ்வளவு பெரிய குழப்பத்துக்கே கூப்பிட்டுப் பேசி அனுப்புவது போதும் என்றால், ஒரு டிரம் மூடிக்கு எவ்வளவு போதும்? அங்கே பெற்றோர் வந்து உட்கார்ந்து பேசினார்கள். இங்கே பேச வந்த அம்மாவுக்கு மொழியும் இல்லை, பேப்பரும் இல்லை. வித்தியாசம் குற்றத்தில் இல்லை.

வாதம் 3: "உள்ளே போனால் திருந்தி வருவான். அதற்குத்தானே சீர்திருத்தப் பள்ளி?"

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழியே வைத்திருக்கிற கூட்டம் நாம். அதனால் இந்த நம்பிக்கை வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நம்மூரையே எடுத்துக்கொள்வோம். 1920-இல் இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். வங்காளம் 1922, பம்பாய் 1924, எல்லாம் நமக்குப் பிறகு. பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே மாநிலத்தில், 102 வருஷம் கழித்து, 2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் செத்துப்போனான். ரயில்வே பேட்டரி திருடினான் என்று பிடித்துக்கொண்டு வந்தார்கள். இல்லத்து ஊழியர்கள் அடித்ததுதான் காரணம் என்று ஆறு ஊழியர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு இல்லங்களின் நிலையைப் பார்க்கச் சொன்னார்கள். திருந்தி வருவான் என்று அனுப்பி வைத்த பிள்ளை அவன். வரவே இல்லை.

எல்லா இல்லத்திலும் அடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அர்ப்பணிப்போடு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடி விழாவிட்டாலும்கூட, என்ன நடக்கும்? நம் இஸ்திரிக்காரர் பையன் வெளியே வந்த பிறகு நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்கிள், அங்க எல்லாரும் நீ என்ன கேஸ்னு கேட்டாங்க. குப்பை டப்பானு சொன்னா சிரிச்சாங்க. அதான் கத்திக்குத்துனு சொல்லிட்டேன்."

படித்தீர்களா? குப்பை டப்பாவோடு உள்ளே போன பையன், பதினோரு நாளில் தன்னைக் கத்திக்குத்து கேஸ் என்று சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொண்டான். பிழைப்பதற்காக. இதுதான் அந்தப் "பாடம்".

வாதம் 4: "2012 டெல்லியில் அந்த மைனர் பண்ணியதை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. யாரால் மறக்க முடியும்? அந்தச் சம்பவத்தில் இருந்த மைனர் மூன்று வருஷம் சிறப்பு இல்லத்தில் இருந்து 2015 டிசம்பரில் வெளியே வந்தான். நாடே கொதித்தது. அந்த மாதமே மாநிலங்களவையில் புதிய சட்டம் நிறைவேறியது. அதன்படி 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் கொடுங்குற்றம் செய்திருந்தால், முதலில் மனநிலை, புரிதல், சூழல் எல்லாவற்றையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். அந்த வாதத்துக்கு அந்தச் சட்டத்திலேயே இடம் கொடுத்தாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வந்து, 14 வயசுப் பையனின் வெடி விளையாட்டின் தலையில் ஏன் வைக்கிறீர்கள்? பாலியல் கொலைக்கும் பக்கெட் மூடிக்கும் ஒரே வாயால் தீர்ப்பு சொல்கிறோம் என்றால், நமக்குத்தான் எது குற்றம், எது குறும்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்தப் பிரித்துப் பார்க்கத் தெரியாத வியாதி நமக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்ட் கால்ட் என்று ஒரு 15 வயசுப் பையன். 1964 ஜூன் 8. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு யாரோ போன் பண்ணி அசிங்கமாகப் பேசினார்கள் என்று புகார். பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள், வீட்டில் ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. சாயங்காலம் வந்த அம்மா, பையனைத் தேடி ஆள் அனுப்பித்தான் அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரிந்துகொண்டார். விசாரணைக்குப் புகார் கொடுத்த அம்மாள் வரவே இல்லை. வக்கீல் இல்லை. என்ன பேசினார்கள் என்று எழுதி வைக்கவும் இல்லை. நம்பரைச் சுழற்றியது நான், பேசியது நண்பன் என்றான் பையன். தீர்ப்பு? 21 வயசு ஆகும் வரை அரசு தொழிற்பள்ளி. அதாவது ஆறு வருஷம்! இதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதம் ஜெயில்.

அந்தப் பெற்றோர் விடவில்லை. மேலே மேலே போனார்கள். 1967 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. குற்றச்சாட்டு என்ன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், வக்கீல் வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும், தனக்கு எதிராகவே பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த நாலும் பிள்ளைகளுக்கும் உண்டு என்றது.

அதோடு திருந்தினார்களா என்றால் அதுவும் இல்லை. நாற்பது வருஷம் கழித்து, 2007-இல், பென்சில்வேனியாவில் லூசெர்ன் கவுண்டியில் ஒரு 15 வயசுப் பெண், தன் பள்ளித் துணை முதல்வரைக் கிண்டல் செய்து இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். இது விளையாட்டுக்கு என்று அதிலேயே எழுதியும் வைத்திருந்தாள். நீதிபதி மார்க் சியாவரெல்லா சில நிமிஷ விசாரணையில் மூன்று மாதம் போட்டு அனுப்பினார். வக்கீல் வேண்டாம் என்று முன்பே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "கண்டிப்பான நீதிபதி" என்று ஊரே பாராட்டிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டுப் பேச வைத்தன. பிற்பாடுதான் தெரிந்தது, அவரும் இன்னொரு நீதிபதி கோனஹனும் தனியார் சிறுவர் காப்பகம் சம்பந்தப்பட்டவர்களிடம் 28 லட்சம் டாலர் வாங்கியிருக்கிறார்கள். 2011-இல் சியாவரெல்லாவுக்கு 28 வருஷம் தண்டனை. அவரிடம் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தீர்ப்புகளை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இங்கே யாரும் காசு வாங்கினார்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஊர் ஜனங்கள் ஏன் அத்தனை வருஷம் சும்மா இருந்தார்கள் என்று யோசியுங்கள். ஏனென்றால் அவர்களும் "ரெண்டு நாள் உள்ள வெச்சாத்தான் புத்தி வரும்" என்று நம்பினார்கள். நீதிபதிகள் காசு பார்த்தது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

இனி கடைசி வாதம். இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. "நமக்கு எதுக்கு சார் வம்பு? வந்த ஊரில் இருக்கிறோம், கமிட்டியோடு மோதலாமா?"

வந்த ஊரில் இருக்கிறோம் என்பதனால்தான் மோத வேண்டும் என்கிறேன். நாம் ஊரில் செய்யாத சேட்டையா? தோப்பில் மாங்காய் அடித்தோம். கோவில் மணியை ராத்திரியில் அடித்துவிட்டு ஓடினோம். கழுதை வாலில் சரம் கட்டியவர்கள்கூட (பாவம் கழுதை) இன்று நம் நடுவில் பெரிய மேனேஜர்களாக இருக்கிறார்கள், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பிடிபட்டபோது என்ன ஆனது? "நீ இன்னார் மவன்தானே, வா உங்கப்பன்கிட்ட" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்தார்கள். திட்டு விழுந்தது. அப்பா போய் மன்னிப்புக் கேட்டார். கதை முடிந்தது. நம்மைக் காப்பாற்றியது நம் நல்ல குணம் இல்லை. "இன்னார் மவன்" என்று தெரிந்த நாலு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊர்விட்டு ஊர் வந்தவனின் பிள்ளைக்கு இல்லாதது அதுதான். இன்னார் மகன் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் அவன் நேராகப் போலீஸ் கைக்குப் போகிறான். அங்கே போனால் பேப்பர் கேட்கிறார்கள். அதுவும் ஊரில் இருக்கிறது. இஸ்திரிக்காரருக்கு மட்டும்தான் இந்த நிலைமை என்று நினைக்காதீர்கள். புனேயில் ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் பதினேழு வயசுப் பெண்ணுக்கும் இதேதான். கோட்டாவில் கோச்சிங்குக்குப் போயிருக்கும் பையனுக்கும் இதேதான். அவன் கையிலும் போன் இருக்கிறது. ஒரு முட்டாள்தனமான மெயில், ஒரு போலி அக்கவுண்ட், ஒரு நிமிஷ வேலை. அன்று ராத்திரி அவனுக்காக ஸ்டேஷனில் போய் நின்று "இவன் எங்க பையன்" என்று சொல்ல, அந்த ஊரில் யாராவது ஒரு தமிழ்க் குடும்பம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள மாட்டீர்களா? அந்தக் குடும்பம் "நமக்கு எதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்திக்கொண்டால்?

தப்பு செய்த பிள்ளைக்கு ஒன்றுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டமே எத்தனை வழி வைத்திருக்கிறது பாருங்கள். 18-ஆவது பிரிவில் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அபராதம் போடலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். எல்லாவற்றுக்கும் பிறகுதான் சிறப்பு இல்லம். ஐந்து பையன்களையும் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிங்கைப் பெருக்க விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கார்க்காரருக்குக் கண்ணாடி வந்திருக்கும், பார்க்கிங்கும் சுத்தமாகியிருக்கும். பாட்டியிடம் ஐந்து பேரும் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் அவருக்கும் பொழுது போயிருக்கும்.

அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள்? பையனை ஜீப்பில் ஏற்றும் போட்டோவை சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கட்டைவிரல் காட்டியவர்களில் நம் ஆட்களும் உண்டு. 74-ஆவது பிரிவுப்படி இப்படிப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. குப்பை டிரம்மை விட இது பெரிய குற்றம் என்று யாருக்காவது உறைத்ததா?

இப்போது அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஒரு தீர்மானம். "பாதுகாப்புக் காரணங்களுக்காக" மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இஸ்திரி மேஜையை எடுத்துவிட வேண்டுமாம். பையன் பதினோரு நாள் அனுபவித்தது போதாது, குடும்பமே கட்டடத்தை விட்டுப் போக வேண்டும். 24-ஆவது பிரிவு சொல்கிறது: பிள்ளை வயதில் நடந்த இந்த விஷயத்தால் அவனுக்குப் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது, பதிவுகளையே காலக்கெடு முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று. நாளை அரசாங்கமே அழித்துவிடப்போகும் பதிவை நம் கமிட்டி தீர்மானமாக எழுதிப் பத்திரப்படுத்தப் பார்க்கிறது.

நம் கட்டடத்தில் 22 தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். ஓட்டு போடும் அளவுக்கு எண்ணிக்கை இருக்கிறது. பொங்கலுக்குக் கோலம் போட, நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்க மட்டும் ஒற்றுமை காட்டிவிட்டு, இதற்கு "ஆபீஸில் ஆணி ஜாஸ்தி" என்று நழுவாதீர்கள். வாருங்கள். எதிர்த்துக் கை தூக்குங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் நான் பேசுகிறேன், பின்னால் உட்கார்ந்திருங்கள், போதும். அவருடைய மேஜை அங்கேயே இருக்க வேண்டும், அந்தப் பையன் சாயங்காலம் மற்ற நாலு பேரோடு அதே பார்க்கிங்கில் கிரிக்கெட் ஆட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

பி.கு: எந்தப் பிள்ளைக்கும் இப்படி நேரலாம், அதனால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிள்ளையை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. விலங்கு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள், அதில் ஒருவராவது பெண். அதுதான் குழுமம். பயப்பட வேண்டாம்.

2. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. யாரும் சொல்லாவிட்டால் குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி யார் என்று கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் ஒருவர் இருக்க வேண்டும்.

3. வக்கீல் இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள். தொலைபேசி 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

4. வயசுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று இங்கே உங்கள் கையில் இருக்கட்டும். ஊர்ப் பீரோவில் இருந்து பிரயோஜனம் இல்லை. நமக்கு வேலை செய்கிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள், முடிந்தால் நீங்களே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

5. மொழி தெரியாதவர்கள் என்றால், கூடப் போங்கள். அரை நாள் லீவு போட்டால் போதும்.